அந்தத் திரை இல்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் சபை கூடுகிற மண்டபத்தை நான் விலைக்கு வாங்கிவிட்டேன். பத்திரம் முடிந்து சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை உன் அம்மா வாயால் கேட்டால் உனக்கு ஒரு மாதிரி படும், மண்டபத்தை விற்ற அச்சகக்காரர் வாயால் கேட்டால் வேறு மாதிரி படும், அதனால் முந்திக்கொண்டு நானே எழுதிவிடுகிறேன். மற்றபடி இங்கே நாங்கள் இருவரும் சாப்பிட்டது செரித்து, படுத்தால் தூக்கம் வந்து, நன்றாகவே இருக்கிறோம். நீயும் மருமகளும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தவுடன் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், பிறகு நான் ஒன்று சொல்ல அவள் அதற்குத் திருத்தம் சொல்ல, கடைசியில் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடையில் வியாபாரம் மோசமில்லை, சோபா துணி நன்றாக ஓடுகிறது, மெத்தை உறைதான் தேங்கி நிற்கிறது. நம் தையல்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, இப்போது ஊசிக் காது தெரிகிறது, அதோடு முதலாளி தலையில் எவ்வளவு நரை என்பதும் தெரிகிறதாம்.

போன முறை நீ உன் அம்மாவோடு நெடுநேரம் பேசிவிட்டு, மிச்சம் மீதி என்னோடு கொஞ்சம் பேசினாயே, அப்போது ஒரு வார்த்தை சொன்னாய். மருமகளுக்கு ஆஸ்பத்திரியும் அவள் வார்டில் கிடக்கிற நோயாளிகளும்தான் பெரிது, வீட்டுக்கு வந்த பிறகும் அவர்கள் கதையே பேசுகிறாள், நான் என்ன சுவரில் மாட்டிய காலண்டரா என்று கேட்டாய். நான் அதற்கு 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அக்கறை இல்லாமல் வைக்கவில்லை தம்பி. உன் அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள், எனக்கும் அதே வியாதிதான் என்று அவள் காதில் விழும்படி சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் என் வியாதி உன்னுடையதைவிடப் பெரியது. உனக்கு எதிரே நிற்பவர்கள் கட்டிலில் படுத்திருக்கிற சில நோயாளிகள். எனக்கு எதிரே நின்றவர் இயேசு கிறிஸ்து. சிரிக்காதே, முழுக்கப் படி.

நாம் பெயரளவில் சபைக் குடும்பம்தான், அது உனக்குத் தெரியும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இவற்றுக்கு மட்டும் நான் படி ஏறுவேன், பிரசங்கம் நீண்டால் கடையைச் சாக்கு வைத்து எழுந்துவிடுவேன். உன் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். நீ வேலைக்கென்று கிளம்பிப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனதில், அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த மண்டபத்தில் கூடுகிற சின்னச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் ஞாயிறு மட்டும். பிறகு புதனும் சேர்ந்தது, வெள்ளியும் சேர்ந்தது. நான் முதலில் நல்லதுதான் என்று நினைத்தேன், பொழுது போகட்டும், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னைக் குறை சொல்வது குறையும் என்று. ஆனால் பொழுதுபோக்குக்குப் போகிறவள் அப்படித் திரும்பி வரமாட்டாள். முகம் ஒரு தினுசாக இருந்தது. எங்கள் கல்யாணப் படத்தில் இருக்கிறாளே, கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் என்னைப் பார்த்துக்கொண்டு, அந்த முகம். அதை நான் வெகுகாலமாகப் பார்க்கவில்லை, அது தீர்ந்துபோன சரக்கு என்று நினைத்திருந்தேன். தீரவில்லை, வேறு ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது என் வயிறு எரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த புடவைகளில் நல்லதாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைப்பாள். என்னோடு வெளியே வருவதென்றால் கையில் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு வருவாள். சமையலறையில் முணுமுணுவென்று பாட்டு. நான் உள்ளே போனால் பாட்டு நிற்கும், "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று கேட்பாள். எனக்குத் தண்ணீர் வேண்டாம், அந்தப் பாட்டுதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

ஒருநாள் கடையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே தையல்காரரிடம் சொல்கிறாள், "அவரு எவ்வளவு அழகு தெரியுமா? அவ்வளவு அழகா இருக்கறவரு, நம்மள மாதிரி ஆளுங்கள தேடி வந்தாரே." நான் தூணுக்குப் பின்னால் கணக்குப் பார்ப்பதுபோல் நின்றிருந்தேன். கடையில் துணியைப் போர்த்திப் பார்க்க வைத்திருக்கிற பெரிய கண்ணாடியில் போய் என்னைப் பார்த்துக்கொண்டேன். தொந்தியை உள்ளே இழுத்துப் பார்த்தேன். தையல்காரர் அதைக் கவனித்துவிட்டு, "முதலாளி, மூச்ச விட்டுடுங்க, பட்டன் தெறிச்சிடும்" என்றார். அன்றிலிருந்து நான் அவரைப் போட்டிக்காரராகவே வைத்துக்கொண்டேன், தையல்காரரைச் சொல்லவில்லை, மற்றவரைச் சொல்கிறேன்.

உன் அப்பன் போட்டிக்குப் பயந்தவன் இல்லை. துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு கதவாகத் தட்டியவன், நடைபாதையில் விரித்துவைத்து மழைக்குச் சுருட்டிக்கொண்டு ஓடியவன். எதிரே ஒருவன் புதுக்கடை திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆள் அனுப்பி அவன் சரக்கு என்ன, விலை என்ன, வருகிறவர்களுக்கு என்ன கவனிப்பு என்று பார்த்துவரச் சொல்ல வேண்டும். அதையே செய்தேன். ஒரு ஞாயிறு தையல்காரரை மண்டபத்துக்கு அனுப்பினேன். அவர் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார். "முதலாளி, அங்க ஒண்ணுமே இல்ல. பிளாஸ்டிக் நாற்காலி, அதுல பாதி கால் ஆடுது. மைக்கு கீச்சுன்னு கத்துது. ஒரு அம்மா பாடறாங்க பாருங்க, சுருதிக்கும் அவங்களுக்கும் ஜென்மப் பகை, அங்க எல்லாரும் அவங்கள சுருதி அக்கான்னே கூப்பிடறாங்க. பாஸ்டர் சின்னப் பையன் மாதிரி இருக்காரு, மத்த நாள்ல பிரிட்ஜ் ரிப்பேர் பண்றாராம். வாசல்லயே ரெண்டு பேரு செருப்பு விடற இடத்துக்குச் சண்ட." இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. கடையே இல்லாமல், அலங்காரம் இல்லாமல், கவனிப்பு இல்லாமல், என் வீட்டு ஆளை இழுத்துக்கொள்கிற போட்டிக்காரரை எப்படி எதிர்ப்பது? அவரிடம் என்னதான் இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிறு மதியம் உன் அம்மா சுருதி அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பாஸ்டர் இன்னிக்கு சொன்னாரே, சபையில கறையும் திரையும் இருக்கவே கூடாதுன்னு, எனக்கு அப்படியே மனசுல குத்திடுச்சு" என்றாள். எனக்கும் குத்தியது, வேறு இடத்தில். கறை, திரை! நான் யார்? இந்த வட்டாரத்தில் யார் வீட்டு ஜன்னலுக்குத் திரை போட வேண்டுமானாலும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். அந்த மண்டபத்தில் அழுக்குப் பிடித்த பழைய திரைகள் தொங்குகின்றன, பாஸ்டர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார், உன் அம்மா அதற்கு வெட்கப்படுகிறாள், இப்படித்தான் என் மூளை ஓடியது. சரி, நம் துறைக்குள் வந்துவிட்டார், இனி பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குஷி. யாரிடமும் சொல்லாமல் கடையில் இருந்ததிலேயே உயர்ந்த துணியை எடுத்தேன், நல்ல கனம், பாலாடை நிறம், கையில் எடுத்தால் தானாகவே மடிந்து விழும். தையல்காரரை விட்டு அடிமடிப்பு அகலமாக வைத்துத் தைக்கச் சொன்னேன். ஞாயிறு விடிந்ததும் அச்சகக்காரரைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்து, பழையதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, புதுத் திரைகளை மாட்டிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றேன். உன் அம்மா வந்தாள். பார்த்தாள். "என்னங்க இது?" என்றாள். கறையும் திரையும் கூடாதென்று சொன்னாயே, அதுதான் புதுசு போட்டுவிட்டேன் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள் பார், நிற்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்தத் திரை இல்லங்க! முகத்துல விழற திரை! சுருக்கங்க, சுருக்கம்!" என்றாள். சுருதி அக்கா ஓடிவந்து விசாரித்துவிட்டு அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பிலும் சுருதி இல்லை.

பாஸ்டர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். கிறிஸ்து மணவாளன், சபை அவருக்கு மணவாட்டி, அவளைக் கறையும் சுருக்கமும் இல்லாதவளாகத் தம் முன்னால் நிறுத்திக்கொள்ள அவரே அவளுக்காகத் தம்மைக் கொடுத்தார், அவரே அவளைக் கழுவி எடுக்கிறார் என்றார். "நீங்க துணிக்காரர், உங்களுக்கு நான் சொல்லணுமா ஐயா, சுருக்கம் திட்டினா போகாது" என்றார். நான் தலையை ஆட்டினேன், உள்ளுக்குள் பொருமிக்கொண்டே. அவர் சொன்னது வியாபாரத்தில் நடக்காத காரியம். சலவையும் இஸ்திரியும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிற வேலை, எந்த முதலாளி மேசைக்குப் பின்னால் நின்று வியர்வை சொட்டச் சொட்டத் தானே தேய்க்கிறான்? அதைவிட எனக்கு வலித்தது வேறு. நான் மெனக்கெட்டு ஒன்று செய்தேன், அது சிரிப்பாகப் போயிற்று. அவர் எதுவும் செய்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவருக்காக இவள் கண்ணில் நீர் வருகிறது. போட்டிக்காரர் கடையில், அவருடைய ஆட்கள் நடுவில், நான் கேலிப்பொருளாகி நின்றேன். திரைகளை வீணாக்க வேண்டாம் என்று அவர்கள் ஜன்னலுக்குப் போட்டதுபோக மிஞ்சியதை மண்டபத்தின் பின்மூலையில் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் விளக்குமாறும் உடைந்த நாற்காலிகளும் போட்டுவைத்தார்கள். உயர்ந்த துணிக்கு அந்த மரியாதை.

அந்த ஆத்திரத்தில் இருக்கும்போது அச்சகக்காரர் கடைக்கு வந்து, மகள் இருக்கிற ஊருக்கே போய்விடப்போகிறேன், மண்டபத்தை யாராவது வாங்கினால் கொடுத்துவிடுவேன் அண்ணே என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என் தலைக்குள் மணி அடித்தது. எதிர்க்கடையை வெல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டடத்தை வாங்கிப் பூட்டிவிடுவது என்பது எங்கள் தொழிலில் தெரிந்த வழிதான். எனக்கு ஒரு கிடங்கும் தேவையாக இருந்தது. வாங்குகிறவர் யார் என்று வெளியே சொல்ல வேண்டாம், சபையைக் காலி பண்ணத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டேன். உன் அம்மாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. மண்டபம் போனால் சபை நாலா பக்கம் சிதறும், சிதறினால் இவள் கல்லாவுக்குத் திரும்புவாள், கல்லாவில் உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் பாட்டும் என் காதில் விழும். இதுதான் என் கணக்கு. உனக்கு மறைத்து எழுதுவதில் எனக்கு லாபமில்லை, அதனால் உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன்.

பத்திரத்துக்கு முன்னால் கட்டடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று அச்சகக்காரரோடு போனேன். நான் வாங்கப் போனால் எப்படிப் பார்ப்பேன் என்று உனக்குத் தெரியும், குறையைத்தான் பார்ப்பேன், ஒவ்வொரு குறைக்கும் விலையில் ஒரு வெட்டு. கூரையில் ஒழுகல், சுவரில் விரிசல், கதவு நிலை கறையான் என்று மனசில் அடுக்கிக்கொண்டே அச்சகத்துப் பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்தோம். அந்தக் கதவு திறப்பது நான் சொன்னேனே அந்தப் பின்மூலையில், என் திரைக்குப் பின்னால். உள்ளே ஆட்கள் குரல். சபையார் அவசரக் கூட்டம் போட்டிருந்தார்கள், மண்டபத்தை யாரோ வாங்கிவிட்டார்கள், இனி எங்கே போவது என்று. நான் வாயில் விரலை வைத்து அச்சகக்காரரை அடக்கிவிட்டு நின்று கேட்டேன்.

அடடா, என்ன சண்டை தெரியுமா! சந்தையில்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. சுருதி அக்கா, "பாஸ்டர் அப்பவே எழுதி வாங்கியிருந்தா இந்தக் கதி வருமா?" என்கிறாள். குழாய் வேலை செய்கிற ஒருவர், "எழுதி வாங்கறதுக்கு நீங்க எப்பவாவது கைய விரிச்சு ஏதாவது குடுத்திருக்கீங்களா?" என்கிறார். "யாரப் பாத்து என்ன பேசறீங்க? உங்க வாய்க்குப் பயந்துதான் ரெண்டு குடும்பம் ஓடிப்போச்சு!" "ஓடுனது என் வாய்க்கு இல்லம்மா, உங்க பாட்டுக்கு!" பாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இதுதானா அந்த மணவாட்டி, இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம், நான் பூட்டவே வேண்டாம், தானே கிழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது உன் அம்மா எழுந்தாள். அவள் குரல் கடையில் கூட்டம் அதிகமானால் வருமே, அந்தக் குரல்.

"போதும், நிறுத்துங்க. நம்ம லட்சணம் நமக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு ஒரு துணி எடுக்கப் போனா வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பாரு. இங்க ஓட்டை, இங்க இழை விட்டிருக்கு, இங்க சாயம் மங்கலுன்னு சொல்லிச் சொல்லியே விலைய அடிப்பாரு, கெட்டிக்காரரு. நம்மள எடுக்க வந்தவரும் தூக்கிப் பிடிச்சுத்தான் பாத்தாரு. எல்லா ஓட்டையும் பாத்தாரு. பாத்துட்டு ஒத்தக் காசு குறைச்சுக் கேக்கல. உசுரையே குடுத்தாரு. அப்படி எடுத்தவரு, ஒரு மண்டபம் போச்சுன்னா நம்மள ரோட்டுல விட்டுட்டுப் போயிடுவாரா?"

தம்பி, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சபை நடுவில் என்னை இழுத்து, அவர் பக்கத்தில் நிற்கவைத்து, அளந்து பார்த்து, தோற்கடித்துவிட்டாளே என்று. அதற்கு அடுத்து வந்ததுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது, அந்தக் கூட்டத்தில் மற்ற யாரையும்விட எனக்குத்தான் நன்றாகப் புரிந்தது. பிரசங்கமாகக் கேட்டிருந்தால் காதோடு போயிருக்கும். இது கொள்முதல் விஷயம். குறையைத் தெரியாமல் முழு விலை கொடுத்தவன் ஏமாளி, நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். குறை தெரிந்து விலை குறைத்தவன் வியாபாரி, அது நான். எல்லாக் குறையும் தெரிந்து, தன்னிடம் இருந்ததையெல்லாம், தன்னையே கொடுத்து எடுத்தவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதுவும் எதை? சுருதி சேராத, செருப்பு விடுகிற இடத்துக்குச் சண்டை போடுகிற, இப்போதுகூட அடித்துக்கொள்கிற இந்தக் கூட்டத்தை. எடுத்த பிறகும் தள்ளிவைக்காமல், தானே நின்று கழுவி, தானே தேய்த்துக்கொண்டு.

நான் அப்படி நிற்கையில், கூட்டம் அமைதியானதைப் பார்த்துவிட்டு, கிடங்குக்கு அளவெடுக்க வந்தது மட்டும் நினைவில் இருந்த அச்சகக்காரர் தெளிவான குரலில் கேட்டார், "அப்ப இவங்கள எப்ப காலி பண்ணச் சொல்லட்டும் அண்ணே?" திரையை யார் விலக்கினார்கள் என்று தெரியவில்லை. எல்லா முகமும் எங்கள் பக்கம். நான் விளக்குமாறுகளுக்கு நடுவில் நிற்கிறேன். சுருதி அக்கா, "இவரா வாங்கறாரு?" என்றாள். உன் அம்மா திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம் உண்டு. பேசாமல் என் பக்கமாக நடந்துவந்து, என்னைத் தாண்டிக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். அந்த நேரம் நான் பட்ட பயத்தை நடைபாதையில் மழைக்கு ஓடிய நாட்களில்கூடப் பட்டதில்லை. அவள் போயே போய்விட்டாள், அதுவும் அவரால் இல்லை, என்னால், என்று நினைத்தேன்.

அவள் அச்சகத்துப் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்காரத் தைரியமில்லாமல் நின்றேன். "உங்களுக்கு யாரு மேல கோவம்? என் மேலயா, இவங்க மேலயா?" என்று கேட்டாள். உன் ஆள் மேல்தான் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு, "நான் போறத மட்டும்தான் பாக்கறீங்க. வரும்போது என்ன கொண்டு வர்றேன்னு பாக்கல. நீங்க கடை கடைன்னு இருந்ததுக்கு உங்க மேல எனக்கு எவ்வளவு கோவம் இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு வாரமும் அத அங்கதான் இறக்கி வெச்சேன். இறக்கி வெச்சுட்டு வந்துதான் உங்களுக்கு காப்பி போட்டேன். வாய்க்கு ருசியா குடிச்சீங்கல்ல?" என்றாள். நான் அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் போட்டிக்கடை என்று நினைத்து மூடப் பார்த்தது என் வீட்டுக்குச் சரக்கு வருகிற மொத்த வியாபாரக் கடையை. இத்தனை நாள் இவள் என்னைப் பொறுத்துப்போனாளே, அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று நான் விசாரித்ததே இல்லை.

கடைசியில் கேட்டேவிட்டேன், அவர் அழகு என்று சொல்கிறாயே, நீ பார்த்தாயா என்று. "பாக்கல. ஆனா அவரு என்னப் பாக்கற விதம் தெரியுது. ஒருத்தர் அழகு அவரு நம்மள எப்படிப் பாக்கறாருங்கறதுல தெரியாதா?" என்றாள். அவள் நெற்றியில், கண்ணோரத்தில், வாயோரத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது தம்பி. வெயில் படுகிற படியில் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து நான் அவளைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆயிற்று. பார்த்தபோதெல்லாம் துணியைப் பார்க்கிற மாதிரியே பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் அவளைப் பார்க்கிற மாதிரி பார்க்க எனக்குத் தெரியவில்லை என்பதுதான் இப்போது என் பொறாமை. முன்பு அவளை அவர் எடுத்துக்கொண்டார் என்று பொறாமை. இப்போது அப்படி நேசிக்க அவருக்கு எப்படி முடிகிறது என்று பொறாமை. போதாததற்கு, அப்படி நேசிக்கப்படுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஆடுகிற நாற்காலியில் தெம்பாக உட்கார்ந்திருக்கிற குழாய்க்காரர் மேலும், சுருதி அக்கா மேலும்கூடப் பொறாமை. எரிச்சல் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

பத்திரம் முடிக்கப் போனபோது அச்சகக்காரர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூரை, விரிசல், கறையான் என்று ஆரம்பிப்பேன் என்று. நான் அவர் சொன்ன விலைக்குச் சரி என்றேன். "என்ன அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒழுங்காகக் கையெழுத்துப் போடும் ஐயா என்று அதட்டிவிட்டு வந்தேன். விவரம் தெரிந்ததும் தையல்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, விலையை அப்படியே ஒப்புக்கொண்டது அவருக்கு மானக்கேடாம். சுருதி அக்கா இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறாள், பார்க்கட்டும், அவள் இடத்தில் நான் இருந்தாலும் பார்ப்பேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், புத்தி சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, தொழில் ரகசியம் என்று எடுத்துக்கொள். மருமகள் வார்டுக் கதை பேசும்போது காலண்டர் மாதிரித் தொங்காதே. அந்த நோயாளிகளில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று நீயே முந்திக் கேள். அவள் மனசு எங்கே போகிறதோ அங்கே வாசலில் நின்று சண்டை போடாமல் உள்ளே போய்ப் பார், அங்கே உனக்கும் ஏதாவது இருக்கலாம். அவளிடம் குறை இருந்தால் இருக்கட்டும், அதைச் சொல்லி விலை குறைக்காதே. நான் அதைச் செய்தே பழகியவன், அதனால் வீட்டில் ஒரு லாபமும் பார்க்கவில்லை.

குளிர் அதிகமானால் காதை மூடிக்கொள், வெளியே சாப்பிடுவதைக் குறை, மருமகளுக்கு இரவு வேலை இருக்கிற நாட்களில் நீ சமைத்து வை, தெரியாவிட்டால் உன் அம்மாவைக் கேள், ஸ்பீக்கரில் சொல்லுவாள். உங்கள் இருவரையும் ஆண்டவர் தம் கண் எதிரிலேயே வைத்துக்கொள்ளட்டும், உங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் நிற்காமல் இருக்கட்டும். உன் அம்மா தன் முத்தங்களை இதில் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நானும் அவளும் அந்தப் படியில் உட்கார்ந்து பேசி முடித்த நிபந்தனைகளையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. ஞாயிறு முழுவதும், புதன் மாலையும் வெள்ளி மாலையும் மண்டபம் சபைக்கு. வாடகை கிடையாது, கிடையாது என்பதை யாரும் வெளியே பெருமையடிக்கக் கூடாது, குறிப்பாக நான். மற்ற நாட்களில் என் துணிக்கட்டுகள் பின்சுவரோரம் இருக்கலாம், ஜன்னல் மட்டத்துக்கு மேல் அடுக்கக் கூடாது. கூரை வேலை என் பொறுப்பு, பெருக்கித் துடைப்பது அவர்கள் பொறுப்பு. செவ்வாயும் வியாழனும் மதியம் உன் அம்மா கல்லாவுக்கு வருவாள், வாடிக்கையாளர் நின்றாலும் அங்கே பாடுவாள். ஞாயிறு காலை நான் போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும், கதவோரம் கூடாது. அவருக்கும் எனக்கும் நடுவில் யார் மேல் பிரியம் அதிகம் என்று அவளை நான் கேட்கக் கூடாது. அவர் மேல் எனக்குப் பொறாமை இருந்தால் இருக்கலாம், அதற்குத் தடையில்லை, ஆனால் அதை இனி அவளிடமோ தையல்காரரிடமோ சொல்லாமல், தலையைக் குனிந்து, அவரிடமே நேராகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
இத்தனைக்கும் ஒப்புக்கொண்ட உன் அப்பா